ஒரு முழம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால்தான்
எனக்கு வியாபாரம்.
நிற்கிற வண்டிகளிலிருந்து இறங்கி வந்து
ஹார்னை அமுக்கிப் பார்ப்பார்கள், சீட் கவரைத் தடவுவார்கள்,
ஓனர் எங்கே என்பார்கள்.
நான்தான் என்றால்
இன்னொரு தரம் போர்டைப் படிப்பார்கள்.

வைரக்கண்ணுவும் படித்தான்.
மூன்று கை மாறிய பொலிரோ,
பின்னால் பன்னிரண்டு இஞ்ச் சப்வூஃபர்,
மடியில் குழந்தைபோல ஆம்ப்ளிஃபையர் பெட்டி.
வயரை மட்டும் இழுத்து விடுங்க,
பியூஸெல்லாம் வேணாம்,
அதான் ஆம்ப்புலயே ரெண்டு சொருகியிருக்கானே.

அது ஆம்ப்புக்கு, இது வயருக்கு என்றேன்.
முழித்தான்.
வெண்ணாற்றங்கரைக்காரனுக்கு வேறெப்படிச் சொல்ல?
நடுவழியில் கரை உடைந்தால்
கடைமடையில் ஷட்டரை இறக்கி என்ன பிரயோஜனம்?
வருகிற தண்ணி வந்துகொண்டேதான் இருக்கும்.
பேட்டரி உன் அணை.
கதவை அணையின் வாசலில் வை.

எவ்வளவு கிட்டக்க?
ஒரு முழம். அதற்கு மேல் கூடாது.
பூக்கடைச் செண்பகவல்லி அளக்கிற முழமானால்
இன்னும் நல்லது.

முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றினேன்.
நாலாம் நம்பர் வயர், அசல் செம்பு.
முலாம் பூசிய அலுமினியம் பாதி விலைக்கு வருகிறது,
கத்தியால் சுரண்டினால் வெளுத்துவிடும்.
எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவிலிருக்கும் தகரத்தில்
ஓட்டையின் விளிம்பு அரிவாள்மனை;
ரப்பர் வளையம் போட்டுத்தான் நுழைத்தேன்.
எல்லாம் முடிந்து, தொட்டுத் தொட்டுப் பார்த்து,
கடைசியில்தான்
கண்ணாடிக்குள் அறுபது ஆம்பியர்.

பதினோராம் நாள் வந்தான், வேட்டியை மடித்துக் கட்டியபடி.
அக்கா மகளுக்குக் காதுகுத்து.
வடுவூர் தாண்டியதும் பாட்டு நின்றுவிட்டதாம்.
தாய்மாமன் சீர்
எழவு வீட்டுக்குப் போவதுபோல
சத்தமில்லாமல் போய் இறங்கியதாம்.
உங்க பியூஸால மானம் போச்சு.
நூறு போடுங்க.
இல்லைன்னா சிகரெட் அட்டைத் தாளைச் சுத்தி விடுங்க,
எங்க ஊர்ல அப்படித்தான் பண்றாங்க.

பதில் சொல்லாமல் கார்ப்பெட்டைத் தூக்கினேன்.
முன் சீட்டின் தண்டவாளம்
வயரை வெட்டியிருந்தது.
சிவப்புத் தோல் பிளந்து செம்பு பல்லிளித்தது.
பக்கத்தில் கார்ப்பெட்டில்
ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருக்கல்,
அவ்வளவுதான், அதற்கு மேல் பரவவில்லை.

அந்த வழியாக வயரை விட்டது
நான்தான்.

கொஞ்ச நேரம் டார்ச்சை அணைக்காமல் குனிந்தே இருந்தேன்.
கதவு வைக்கச் சொன்னபோதெல்லாம்
அவன் செய்யப்போகும் தப்புகளைத்தான் நினைத்திருந்தேன்.

சொல்லிவிட்டேன். என் தப்பு, வயருக்குக் காசு வேண்டாம்.
சண்டைக்கு நிற்பான் என்று பார்த்தால்
கருக்கலை விரலால் தொட்டான், மோந்து பார்த்தான்.
அன்னிக்கு வண்டியில ஒம்பது பேரு, என்றான்.
பிறகு, சின்னதுகளைச் சேர்க்காம.

கதவோரமாய்ப் புது வயர், இந்த முறை குழாய்க்குள்.
அறுபதேவா?
அறுபதேதான்.
அதற்கு மேல் போட்டால் பியூஸ் பிழைக்கும், வயர் எரியும்.
எண்பது ரூபாயை எண்ணி வைத்தான்.
எரிந்த பியூஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்:
கண்ணாடிக்குள் தகடு நடுவில் இல்லை,
நெல் நீளத்துக்கு ஓர் இடைவெளி.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
யாரிடம் காட்ட என்று நான் கேட்கவில்லை.

வண்டியைத் திருப்புவதற்குள் கேட் மூடிவிட்டது.
சரக்கு ரயில், வரத் தாமதம்.
கதவுகளை ஏற்றிவிட்டு
அவன் பாட்டைப் போட்டான்.
மேசையில் என் டம்ளர்த் தண்ணீர்
வட்டம் வட்டமாய் நடுங்கத் தொடங்கியது.
ரயில் வந்து போகும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், குடிக்காமல்.